முடிச்சூரிலிருந்து கோவளத்துக்கு ஒரு எஸ்பிரெஸோ மெஷின்

கடல் தாண்டிப் போனவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் போனது தாம்பரம் தாண்டி முடிச்சூர், அங்கிருந்து கோவளம். நடுவில் கடல் இல்லை. மேடவாக்கம் சிக்னல் இருந்தது. கடலே தேவலாம்.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெனிபர் அக்கா என் அம்மாவோடு ஐ.டி. கம்பெனி ஒன்றில் பேன்ட்ரி வேலை பார்த்தவர். கோவளத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ரிசார்ட்டில், கடலைப் பார்த்த ஒரு மூலையில் காபிக்கடை போட ஆள் தேடினார்கள். அக்கா கேட்டார். நகரத்திலிருந்து ஒரு பெரிய காபி கம்பெனியும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அங்கே அலைச்சறுக்குப் போட்டி. "அன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு என் கெஸ்ட்டுக்கு ஒழுங்கான எஸ்பிரெஸோ குடுங்க, மூலை உங்களுக்கு. இல்லன்னா அவங்களுக்கு" என்று ரிசார்ட் மேனேஜர் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சை நம்பி அக்கா பேன்ட்ரி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அவரிடம் இடம் இருந்தது, தைரியம் இருந்தது. மெஷின் இல்லை. அதை ஓட்டத் தெரிந்த ஆளும் இல்லை.

நான் பெரும்பாக்கம், அடுக்குமாடிக் குடியிருப்பு. மெக்கானிகல் டிப்ளமோ முடித்துவிட்டு ஏ.சி. சர்வீஸ் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் ஒழுங்காக வெளியே வந்த முதல் ஆள் நான்தான். இதனால் ஒரு தொல்லை உண்டு. ஒயர் வைத்த எந்தப் பொருளானாலும் எங்கள் பிளாக்கில் என்னிடம்தான் வரும். மிக்ஸி, இன்வெர்ட்டர், பேசாமல் போன பொம்மை. "படிச்சவன் பாத்தா சரியாயிடும்." காபி மெஷினும் அப்படித்தான் வந்தது. "எனக்கு அது தெரியாதுக்கா" என்றேன். "எனக்கும் தெரியாது தினா. ரெண்டு பேரும் கத்துக்கலாம்" என்றார் அக்கா. முடிச்சூரில் ஒரு பழைய மெஷின் விலைக்கு இருப்பதாகத் தெரிந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் லீவு சொன்னேன். வியாழன் வாராந்திர ஓய்வு.

வியாழக்கிழமை காலை தாம்பரத்தில் இறங்கினேன். மேற்குப் பக்கம் போக நடைமேம்பாலம் ஏறினால், எதிரே இறங்கும் கூட்டம் என்னைத் திரும்பக் கிழக்குக்கே தள்ளியது. பெரும்பாக்கத்தில் கூட்டம் கூடினால் ஒரு காரணம் இருக்கும்: தண்ணீர் லாரி வந்திருக்கும், அல்லது லிஃப்ட் ஓடும். தாம்பரத்தில் கூட்டத்துக்குக் காரணமே வேண்டியதில்லை. பஸ் நிலையத்துப் பக்கத்தில் நின்றபடி பன் பட்டர் ஜாம், ஒரு டீ. டீ மாஸ்டர் என் முகத்தைப் பார்த்து, "இன்னா, இன்டர்வியூவா?" என்றார். ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

ஷேர் ஆட்டோவில் எனக்குக் கிடைத்தது டிரைவர் சீட்டின் ஓரத்தில் பாதி. பின்னால் இரண்டு பெண்கள் மனை வாங்குவது பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். "மாடியா இருந்தா வாங்கு. கீழ் வீடுன்னா சும்மா குடுத்தாலும் வேணாம்." முடிச்சூரில் வீட்டைப் பற்றிய பேச்சு தண்ணீரில்தான் தொடங்குகிறது.

மெஷினை விற்பவர் வினோத். அவர் குடும்பத்து வயல்கள் இருந்த இடத்தில் இப்போது அவர் குடும்பத்து அடுக்குமாடி நிற்கிறது. அதன் தரைத்தளத்தில் ஒரு கஃபே வைத்திருந்தார். ஓடவில்லை. ஷட்டரைத் தூக்கியதும் அடைபட்ட காற்றில் பழைய காபித்தூள் வாசனை. சுவரில் என் தோளுயரத்துக்கு ஒரு கறை. "வெள்ளத்துல வந்த கோடு ப்ரோ. மூணு கோட்டிங் அடிச்சும் எட்டிப் பாக்குது" என்றார்.

போர்வைக்கு அடியில் மெஷின் இருந்தது, பக்கத்தில் கொட்டை அரைக்கும் அதன் கிரைண்டர். எஃகு உடம்பு, முன்னால் இரண்டு கைப்பிடிகள், ஓரத்தில் நீராவிக் குழாய், நடுவில் கடிகாரம் மாதிரி ஒரு கேஜ். நான் பார்த்த எந்த ஏ.சி.யும் இப்படி முறைத்ததில்லை.

"இதை எப்படி ஓட்டறது?"

"நான் எம்.பி.ஏ. ப்ரோ. ஓட்டினவர் டார்ஜிலிங்காரர். அவர் ஊருக்குப் போனாரு, நான் ஷட்டரை இறக்கினேன்." ஆனாலும் அவருக்கு நினைவிருந்ததை நேர்மையாகச் சொன்னார். தண்ணீர்க் கேனில் குழாயை விட்டு ஸ்விட்சைப் போட்டார். பம்ப் கொஞ்சம் உறுமியது, நின்றது. சூடேறி கேஜ் முள் பச்சைக்கு வந்ததும், கைப்பிடியில் தூளைப் போட்டு, அமுக்கி, பூட்டி, பொத்தானைத் தட்டினார். கறுப்பாக ஒரு கொடி இறங்கியது. ஒரு வாய் குடித்தேன். நாக்கு உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

மாடியிலிருந்து இறங்கி வந்த வினோத்தின் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார். "அந்தக் கருமத்தக் குடிக்காதப்பா. நானும் ஒரு நாள் குடிச்சேன், ராத்திரி பூரா சீலிங்கப் பாத்துட்டுப் படுத்திருந்தேன்." டபராவில் ஃபில்டர் காபி வந்தது. கடை ஏன் ஓடவில்லை என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும் முன் வினோத் ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டினார். சுண்ணாம்பில் முக்கி எடுத்த முறுக்கு மாதிரி இருந்தது. "இதான் இதோட முதல் ஹீட்டர். எங்க போர் தண்ணி பண்ண வேலை. புதுசு மாத்தறதுக்குள்ள உயிர் போச்சு. ப்ரோ, ஒண்ணே ஒண்ணு. உள்ள போற தண்ணி சுத்தமா இருக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்."

தலையாட்டினேன். அன்று நான் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான்.

வெள்ளிக்கிழமை குட்டியானை வண்டியில் ஏற்றினோம். டிரைவர் பாஸ்கர் அண்ணன். மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னா தம்பி இது, இட்லி குண்டானா?"

"காபி மெஷின்ணா."

"காபி போட இம்மாம் பெருசா? எங்க வூட்ல ஒரு டம்ளர் கீது, அதுலயே முடிஞ்சிடும்."

மெஷினை மெத்தை மேல் வைத்துக் கயிறு கட்டி, நானும் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டேன். தாம்பரம் மேம்பாலம் இறங்கியதும் வண்டி ஓரம் கட்டியது. யாரோ இரண்டு பேர் குலையோடு வாழை மரங்களைக் கொண்டுவந்து என் மேலேயே சாய்த்தார்கள்.

"அண்ணா, இன்னாண்ணா இது?"

"மேடவாக்கத்துல ஒரு கல்யாணம்டா. போற வயிதானே? எறக்கி வுட்டுட்டுப் போய்கினே இருக்கலாம். நீ பயப்படாத, வாய மரம் உன் மெஷின இன்னா பண்ணும்?"

சொட்டுச் சொட்டாகப் பால் வடிந்தது. சட்டையில் விழுந்த வாழைக்கறை போகவே போகாது. மெஷினில் விழாமல் இருக்க என் சட்டையைக் கழற்றி அதன் தலையில் கட்டினேன். கேம்ப் ரோடு பக்கம் ஒரு வேகத்தடை. பாஸ்கர் அண்ணன் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. வண்டி எகிறியது, முடிச்சு தளர்ந்தது, மெஷின் என்னை நோக்கி நகர்ந்தது. முழங்காலை முட்டுக்கொடுத்துத் தாங்கினேன். பின்னால் பைக்கில் வந்தவர், பனியனோடு வாழைத் தோப்புக்குள் ஓர் இரும்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குழாய் வளைந்தாலும் போச்சு. மாற்று மெஷின் கிடையாது, மாற்று நாளும் கிடையாது.

மேடவாக்கத்தில் மரங்களை இறக்கியபோது போக்குவரத்துக் காவலர் வந்தார். "இன்னா லோடு?"

"காபி மெஷின் சார்" என்றேன்.

"உள்ள இன்னா கீது?"

கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வது என் பழக்கம். "ஒரு பம்ப், ஒரு பாய்லர் சார்."

"பாய்லரா?" அவர் முகம் மாறியது. "பாய்லர்னா சர்டிபிகேட் வேணுமே. எங்க சர்டிபிகேட்?"

பாய்லர் சட்டம் பற்றி டிப்ளமோவில் ஒரு பாடமே உண்டு. அது வேறு நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. இந்த அளவுக்கு அது பொருந்துமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பாஸ்கர் அண்ணன் இறங்கி வந்தார். "சார், டீக்கடைல சொம்பு கணக்கா ஒண்ணு நிக்கும்ல, அந்த பாய்லர் சார். சைடுல குயா வச்சிருப்பான்ல."

"அதச் சொல்ல வேண்டியதுதானே" என்று காவலர் கையை வீசினார்.

வண்டி நகர்ந்த பிறகு முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "படிச்சவனே, பம்பு பாய்லர்னு பாடம் நடத்தினா உள்ளதான் போவோம். வாய மூடிகினு வா."

பெரும்பாக்கத்தில் கருவிப்பை எடுக்க நிறுத்தினோம். லிஃப்ட் ஓடவில்லை, அம்மா தூக்குச் சட்டியோடு படியிறங்கி வந்தார். அதற்குள் வண்டியைச் சுற்றி ஒரு வட்டம். "ஏ.டி.எம். மெஷினா?" என்றார் ஒருவர். "நம்ம பிளாக்குக்கா?" என்றார் இன்னொருவர், ஆசையோடு. கருவாட்டுக் குழம்பையும் சோற்றையும் பாஸ்கர் அண்ணனும் நானும் வண்டியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா மெஷினின் எஃகைத் தடவிப் பார்த்தார்.

"ஜெனிபரு எடுத்த முடிவ எங்கிட்ட மொதல்ல சொல்லல. சொல்லியிருந்தா தடுத்திருப்பேன்னு அவளுக்குத் தெரியும்" என்றார். "வேலைய வுட்டுட்டு இத நம்பித்தான் நிக்கிறா. பாத்து செய்டா."

கோவளம் போய்ச் சேர்ந்தபோது கரையில் மாலை மீன் ஏலம். ரிசார்ட் வரைக்கும் வண்டி போகாது. கடைசித் தூரம் மணல். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அக்காவின் வீட்டுக்காரர் ரிச்சர்டு அண்ணன் வலை பின்னும் கொட்டகையிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டார். படகு எஞ்சினைத் தினமும் கரைக்கும் படகுக்கும் தோளில் சுமப்பவர்கள். ஒரு கம்பைக் குறுக்கே கொடுத்து, கயிற்றில் மெஷினைத் தொங்கவிட்டு, பேசிக்கொண்டே நடந்துவிட்டார்கள். முடிச்சூரில் கிளம்பியதிலிருந்து அது இவ்வளவு ஆடாமல் பயணம் செய்தது அந்த மணலில் மட்டும்தான்.

ஜெனிபர் அக்கா மூலையைக் கூட்டி, கல் மேடை கழுவி, ஒரு பூச்செடிகூட வைத்திருந்தார். மேடைக்குப் பின்னால் சுவரோரம் சுருட்டிய பேனர் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. "அது யாருதுக்கா?"

"அந்தக் கம்பெனிக்காரனது. நாம கவுந்தா ஞாயித்துக்கெயம மதியமே மாட்டணும்னு இப்பவே கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்கான். அவன் நம்பிக்கைய நான் பாராட்டறேன்" என்றார். வறுத்த நெத்திலியை என் தட்டில் தள்ளினார். தன் தட்டில் அவர் கையே வைக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் மெஷினின் மூடியைக் கழற்றினேன். உள்ளே பார்த்தபோது முதல்முறையாக பயம் குறைந்தது. ஏ.சி.க்கும் இதற்கும் சொந்தம் இருந்தது. செம்பில் ஒரு பாய்லர். அதில் பாதிக்கு மேல் தண்ணீர், மேலே நீராவி. அந்தத் தண்ணீருக்கு ஊடாக இன்னொரு குழாய் போகிறது. காபிக்கான தண்ணீர் அந்தக் குழாய்க்குள் புதிதாக ஓடி, போகிற போக்கில் சூடாகி, கைப்பிடியில் இருக்கும் தூளுக்கு வந்து சேர்கிறது. பால் நுரைக்கு வேண்டிய நீராவி மட்டும் பாய்லரின் உச்சியிலிருந்து. ஒரே அடுப்பில் சோறும் வெந்நீரும்.

அக்காவுக்கு இதை விளக்கினேன். "நம்ம ஃபில்டர்ல டிகாஷன் தன்னால சொட்டும். மணிக்கணக்கா நிக்கணும். இதுல பம்ப் ஒன்பது பார் அழுத்தத்துல தள்ளுது."

"ஒன்பதுன்னா எவ்ளோ?"

"லாரி டயர்ல இருக்கறத விட அதிகம்."

அக்கா ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "அத என் மூஞ்சிக்கு நேரா வச்சிருக்க?"

தூளை அமுக்கக் கற்றுக்கொண்டார். கோணலாக அமுக்கினால் தண்ணீர் மெலிந்த பக்கம் ஓட்டை போட்டுக்கொண்டு ஓடிவிடும் என்று நான் ஒரு வீடியோவில் பார்த்ததைச் சொன்னேன். மாவு பிசைந்த கை; இரண்டே தடவையில் சமமாக அமுக்கினார். இனி மிச்சம் தண்ணீர்தான்.

கோவளத்துக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, உப்பு. அக்கா டீக்கு வாங்கும் கேன் தண்ணீர் இருந்தது. அதையும் நான் ஒதுக்கினேன். எந்தப் போர் தண்ணீரை எப்படி வடிகட்டி அடைக்கிறார்களோ? என் கண்ணில் அந்தச் சுண்ணாம்பு முறுக்கு நின்றது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் உண்டு. அதற்கு போர் தண்ணீர் ஊற்றினால் பேட்டரி செத்துவிடும். கடையில் விற்கும் பேட்டரி தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். இது எங்களுக்குக் கைப்பழக்கம். நானே எத்தனையோ வீடுகளுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். பேட்டரிக்கே அப்படியென்றால் இவ்வளவு பெரிய மெஷினுக்கு? ரிச்சர்டு அண்ணனின் பைக்கில் கேளம்பாக்கம் போய், பேட்டரிக் கடையில் கேன் கேனாக வாங்கி வந்தேன்.

அக்கா கேனைத் திருப்பிப் பார்த்தார். "பேட்டரி தண்ணியா? இது மனுசன் வாயில படலாமாடா?"

"ஆசிட் இல்லக்கா. வெறும் தண்ணி. காய்ச்சி எறக்கினது. இத விட சுத்தம் உலகத்துல இல்ல." நம்பிக்கைக்காக ஒரு வாய் குடித்தும் காட்டினேன். சப்பென்று இருந்தது.

மூடியை மாட்டாமலேயே, வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம் என்று ஸ்விட்சைப் போட்டேன். பம்ப் உறுமத் தொடங்கியது. பாய்லர் நிரம்பும் சத்தம் கேட்டது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பம்ப் நிற்கவில்லை.

முடிச்சூரில் கொஞ்ச நேரத்தில் நின்றது. காலையில் நான் கழுவிக் காலி செய்த பாய்லர், அதனால் கூடுதல் நேரம் எடுக்கிறது என்று நினைத்தேன். முதல் கேன் தீர்ந்து இரண்டாவதில் குழாயை விட்டேன். கேஜ் முள் அசையவில்லை. பாய்லரைத் தொட்டேன், குளிர்ந்து கிடந்தது. ஹீட்டர் வேலை செய்யவில்லை, பம்ப் மட்டும் இறைக்கிறது. ஏன் என்று நான் குனிந்த அதே நொடியில், பாய்லர் உச்சியில் இருந்த சிறிய வால்விலிருந்து தண்ணீர் பீறிட்டு என் நெற்றியில் அடித்தது. அடுத்த வீச்சு பக்கத்தில் இருந்த, மெஷினை இயக்கும் மின் போர்டின் மேல்.

"ஆஃப் பண்ணு! தினா, ஆஃப் பண்ணு!"

அக்காவே எட்டி மெயினை இறக்கினார். மேடை முழுக்கத் தண்ணீர், அக்காவின் பூச்செடியைச் சுற்றி ஒரு குளம். போர்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் ஓடி வந்து பார்த்துவிட்டு ஓடிப் போனார். அவர் பின்னால் மேனேஜர் ராஜன் சார் வந்தார். ஈரத்தில் ஷூ படாமல் தள்ளி நின்றார்.

"என்ன ஆச்சு?"

"சின்ன அட்ஜஸ்ட்மென்ட் சார்" என்றார் அக்கா.

"இது அட்ஜஸ்ட்மென்ட் மாதிரி தெரியல. லுக் ஜெனிபர், உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா நாளைக்கு ஏழு மணிக்கு என் கெஸ்ட்டுக்கு மரியாதையக் குடுக்க முடியாது, காபிதான் குடுக்கணும். அவங்களுக்கு இப்பவே போன் பண்ணவா?"

"ஏழு மணி வரைக்கும் டைம் குடுத்தீங்க சார். இன்னும் ஏழு ஆகல."

அவர் என்னைப் பார்த்தார். என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி நடந்தார்.

அக்கா துடைப்பத்தை எடுத்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எதுனால?" என்று மட்டும் கேட்டார்.

எதனால்? பாய்லருக்குள் மேலிருந்து ஓர் எஃகுக் கம்பி தொங்குவதைக் காலையிலேயே பார்த்திருந்தேன். தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் கம்பி என்று புரிந்தது. தண்ணீர் தொட்டால் அதற்குத் தெரியும், பம்ப் நிற்கும். எப்படித் தெரியும் என்று மட்டும் என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கம்பியில் போவது ஒரே ஒரு ஒயர். இன்னொரு முனை எங்கே? பாய்லரின் உடம்புதான். அப்படியானால் நடுவில்...

கருவிப்பையிலிருந்து மீட்டரை எடுத்தேன். ஒரு டம்ளரில் பேட்டரி தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். மீட்டரின் இரண்டு முனைகளையும் கிணற்றுத் தண்ணீரில் விட்டேன். மின்சாரம் தாராளமாகப் போனது. கேன் தண்ணீரில் கொஞ்சம் தயங்கிப் போனது. பேட்டரி தண்ணீரில் ஏறக்குறைய போகவே இல்லை. தண்ணீரில் கரைந்த உப்புதான் மின்சாரத்தைக் கடத்துகிறது, வெறும் தண்ணீர் கடத்தாது. பள்ளிக்கூடத்துச் சோதனைச்சாலையில் பல்பு எரியவிட்டுப் பார்த்தது. பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

"அக்கா, தண்ணி ரொம்ப சுத்தமாப் போச்சு" என்றேன். "கம்பி முழுகிடுச்சு. ஆனா அதுக்குத் தண்ணியே தெரியல. பாய்லர் காலியா கீதுன்னு நெனச்சு எறச்சிக்கினே இருந்திருக்கு. காலின்னு நெனச்சதால ஹீட்டரையும் போடல."

அக்கா துடைப்பத்தோடு நின்றார். "சுத்தமா இருந்தா கண்ணு தெரியாதா அதுக்கு?"

"ஆமா."

"நல்ல மெஷினு. நம்ம ஊருக்கு ஏத்த மெஷினு." சிரித்தார் என்று நினைத்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாய்லரைத் திறந்து வடித்தோம். அது முடிந்தது. முடியாதது போர்டு. ஈரத்தோடு மின்சாரம் கொடுத்தால் அவ்வளவுதான். கழற்றித் துணியில் ஒற்றி, விசிறி முன் வைத்தேன். கடல்காற்றில் எதுவும் முழுதாகக் காயாது என்று ரிச்சர்டு அண்ணன் சொன்னார். போட்டிக்கு வந்திருந்த ஆஸ்திரேலியப் பெண் ஒருவர் சறுக்குப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு அப்போது அந்த வழியாக வந்தார்.

"இந்தக் கடை எப்போது திறக்கும்? மூன்று நாளாக எனக்குக் கிடைப்பதெல்லாம் இன்ஸ்டன்ட் காபிதான்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நாளை காலை" என்றேன். போர்டைக் காட்டி, "இது காய்ந்தால்" என்றேன்.

அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அறைக்குப் போய் முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். "நாளை காலை எனக்கு முதல் கோப்பை" என்றார். பொழுது சாயும்வரை ஒரு மின் போர்டுக்குத் தலை உலர்த்திக்கொண்டிருந்தேன். இரவு அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்துவிட்டு அக்கா படுக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கிழக்கு வெளுக்கும்போதே மேடையில் இருந்தோம். கேன் தண்ணீரில் குழாய். போர்டை மாட்டினேன். இந்த முறை மூடியையும் மாட்டினேன். அக்கா சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். ஸ்விட்சைப் போட்டேன்.

விளக்கு எரிந்தது. பம்ப் உறுமியது. கடல் சத்தத்தையும் மீறி எனக்கு அது ஒன்றுதான் கேட்டது. அக்காவின் கை மெயின் ஸ்விட்ச் மேலேயே இருந்தது. உறுமல் நீண்டுகொண்டே போனது. கேனில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. "தினா..." என்றார் அக்கா. "இருங்கக்கா" என்றேன். "தினா, எறக்கிடவா?" நான் கேனைப் பார்த்தேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

பம்ப் தானாகவே நின்றது.

அந்த அமைதிக்குள் ஹீட்டரின் மெல்லிய முனகல் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் முள் நகர்ந்தது.

முதல் காபி தண்ணீர் மாதிரிக் கொட்டியது, தூள் கரகரப்பு. கிரைண்டரில் அரைவையை நெருக்கினேன். அடுத்தது சொட்டவே இல்லை, அதிகம் நெருக்கிவிட்டேன். கொஞ்சம் தளர்த்தினேன். அதற்குள் கரையில் தலைகள் தெரிய ஆரம்பித்தன. மூன்றாவது, தேன் ஒழுகுவதுபோல் மெதுவாக, பழுப்பு நுரையோடு இறங்கியது. அக்கா குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "கசக்குது."

"கசக்கணும்."

"அப்ப சரி."

ஆஸ்திரேலியப் பெண் சொன்னபடி முதலில் வந்தார். குடித்தார். கடலைப் பார்த்துக்கொண்டே கோப்பையை நீட்டி இன்னொன்று கேட்டார். அவர் பின்னால் வரிசை நின்றது. அக்கா தூளை அமுக்குவதும் நான் பால் நுரைப்பதுமாக நிமிர நேரமில்லை. நிமிர்ந்தபோது வரிசையில் ராஜன் சார் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கும் ஒன்று கொடுத்தோம். குடித்தார். "நேத்து என்ன ப்ராப்ளம்?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். பாஸ்கர் அண்ணன் சொன்ன அறிவுரை நினைவுக்கு வந்தது. ஆனாலும் கேட்டதற்குச் சொன்னேன். நான் ஊற்றிய தண்ணீர் தப்பு, மெஷின் மேல் தப்பில்லை, இனிமேல் என்ன தண்ணீர் என்று தெரியும்.

"சரி. இன்னொரு நாள் வேற எதாவது போச்சுன்னா? உங்க நம்பர் குடுங்க ஜெனிபர்."

அக்கா நம்பரைச் சொன்னார். பாதியில்தான் எனக்கு உறைத்தது, அது என் நம்பர். அவர் தட்டி முடித்ததும் என் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். எதிரே நின்ற ராஜன் சார் காதில் போனை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், கடலைப் பார்த்துப் பேசினார்.

"ஹலோ, மெஷின் ஓடல. தண்ணி வெளிய வருது. என்ன பண்ணணும்?"

போனைக் காதில் வைத்தேன். "மொதல்ல மெயினை எறக்குங்க சார். பக்கத்துல யாரையும் விடாதீங்க. நான் பெரும்பாக்கத்துலதான் இருக்கேன், கிளம்பிட்டேன்."

அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"இதே கேள்விய நேத்து சாயங்காலம் அந்தக் கம்பெனிக்கும் போன் பண்ணிக் கேட்டேன். கம்ப்ளைன்ட் நம்பர் குடுத்தாங்க" என்றார். திரும்பி வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "அந்த பேனரைத் தூக்கி கேட்டுக்கு வெளிய வை. அவங்க ஆள் வந்தா எடுத்துட்டுப் போகட்டும்."

நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"யாராண்ட இன்னும் பேசினு கீற?" என்றார் அக்கா. "அடுத்தது ரெண்டு. பால எடு."